பன்னிரண்டரையில் நின்றது

அந்தத் தொழிற்சாலையில் அவளுடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிக்கே தெரியாது. மில்லிமீட்டர் என்று கேட்டால் கையோடு கூட்டிக்கொண்டுபோய் விடுவார். பேரிங் செய்கிற தொழிற்சாலை அது. இவள் தரப் பரிசோதனையில் ஒன்பது வருடமாகக் குப்பை கொட்டுகிறவள். கடைசல் பிரிவிலிருந்து வரும் இரும்பு வளையங்களை வெர்னியர் அளவுகோலில் பிடித்து அளப்பாள். சரியென்றால் பச்சை ஸ்டிக்கர், தப்பென்றால் சிவப்பு, சந்தேகமென்றால் மஞ்சள். இவள் மஞ்சள் ஒட்டிய பெட்டியை மேலாளர் வந்து கெஞ்சிக் கூத்தாடினாலும் ஒரு அடி நகர்த்த முடியாது. ஆகவே பின்னால் திட்டுகிறவர்களும் அதிகம், முன்னால் பயப்படுகிறவர்கள் அதைவிட அதிகம்.

அவள் மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்லுகிற பேச்சு ஒன்று உண்டு. "ஒரு பீஸை இன்னொரு பீஸோட வச்சுப் பாக்காதீங்க. மிஷின் தப்பா இருந்தா ரெண்டும் ஒரே மாதிரி தப்பாத்தான் இருக்கும். மாஸ்டரோட வச்சுப் பாருங்க." மாஸ்டர் என்பது துணி விரித்த பெட்டிக்குள் இருக்கும் அச்சு அசலான சரியான வளையம். எது வந்தாலும் அதோடுதான் ஒப்பிட வேண்டும். பக்கத்து வளையத்தோடு ஒப்பிட்டுவிட்டு "சரியா இருக்குக்கா" என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அவர்கள் பாடு திண்டாட்டம்.

இப்பேர்ப்பட்டவள்தான் சொந்த வீட்டில் கோட்டை விட்டாள்.

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் பெண்குழந்தை பிறந்தது. பிறந்த அன்றே எல்லோரும் கண்ணைத்தான் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய கண். முகத்தில் பாதி கண்தான். "இது எங்க வீட்டுக் கண்ணு, எங்க பரம்பரையே முழிக்குப் பேர் போனது" என்று நாத்தனார் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாள். நாத்தனாருடைய கண் பட்டாணி அளவுதான் இருக்கும். அதை எடுத்துச் சொல்லுகிற தைரியம் யாருக்கும் இல்லை.

மூன்றாம் வாரத்தில் குழந்தைக்குக் கண்ணில் நீர் வடிய ஆரம்பித்தது. வெளிச்சம் பட்டால் போதும், கண்ணை இறுக்கி மூடி முகத்தைத் தாயின் மார்பில் புதைத்துக்கொண்டு வீறிட்டு அழும். விளக்கை அணைத்துவிட்டால் கப்சிப். இருட்டில் மெல்லக் கண்ணைத் திறந்து பார்க்கும். அப்பன்காரன் அதைப் பார்த்து "ஆந்தைக்குட்டி" என்று பெயர் வைத்துவிட்டான். அவன் கட்டடங்களுக்கு வர்ணம் பூசுகிறவன், எந்நேரமும் காதிலோ முழங்கையிலோ ஒரு சொட்டுப் பெயிண்ட் இருக்கும். மகள் அழக்கூடாது என்பதற்காக அந்த மகராசன் என்ன செய்தான் தெரியுமா? வேலை முடிந்து மிச்சமிருந்த கருநீல வர்ணத்தைக் கொண்டுவந்து படுக்கையறை ஜன்னல் கண்ணாடிகள் அத்தனைக்கும் இரண்டு கோட்டிங் அடித்துவிட்டான். பட்டப்பகலில் அறை கிணற்றுக்குள் இருப்பதுபோல் ஆகிவிட்டது. குழந்தை அழவில்லை. எல்லோரும் அவனைப் பாராட்டினார்கள்.

தெருமுனை டாக்டரிடம் காட்டினார்கள். அவர் பத்து நோயாளிகளுக்கு நடுவில் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "கண்ணீர்க் குழாய் அடைப்பு. பிறந்த குழந்தைங்களுக்குச் சகஜம். மூக்கோரமா அழுத்தித் தடவிக் குடுங்க, தானா திறந்துக்கும்" என்று அனுப்பிவிட்டார்.

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. அன்று மாலை அந்த இருட்டறையில் குழந்தை விழித்திருக்கும்போது டார்ச்சைச் சுவரில் அடித்து, அதன் மங்கல் வெளிச்சத்தில் குனிந்து கூர்ந்து பார்த்தாள். வலது கருவிழியையும் இடது கருவிழியையும் மாறி மாறிப் பார்த்தாள். மயிரிழை வித்தியாசம் இல்லை. இரண்டும் ஒரே அளவு. பெருமூச்சு விட்டு நிமிர்ந்து கணவனிடம் சொன்னாள்:

"ரெண்டும் சமமா இருக்குங்க. ஒண்ணும் இல்ல."

"நீயே ஓகே பண்ணிட்டேன்னா அப்புறம் என்ன" என்றான் அவன். அதோடு பன்னிரண்டு நாள் போயிற்று.

பதின்மூன்றாம் நாள் பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் தோழி, தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பார்க்க வந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில்தான் பிரசவ விடுப்பு. அவளுடைய பையன் இவள் மகளைவிட ஒன்பது நாள் மூத்தவன். இரண்டையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். தோழி சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"என்னடி இது, போட்டோ கழுவுற ரூம் மாதிரி வச்சிருக்கே? பிள்ளைக்குக் காத்து வேண்டாமா?"

சொல்லிக்கொண்டே ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்துவிட்டாள். முற்பகல் வெயில் கட்டில்மேல் சரிந்து விழுந்தது. தோழியின் மகன் கையைக் காலை உதைத்துக்கொண்டு மேலே பார்த்தான். இவள் மகள் வீறிட்டாள். அந்த அலறலில் ஒரு கணம் கண் திறந்து மூடியது.

அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. பையனுடைய கருவிழி சின்னதாக, கருகருவென்று பளபளத்தது. இவள் மகளுடையது அதைவிடப் பெரிது. நன்றாகவே பெரிது. அதோடு பளபளப்பே இல்லை. கண்ணாடியில் வாயால் ஊதினால் படியுமே, அந்த மாதிரி வெளிறிய நீலமாய் ஒரு மங்கல்.

ஒன்பது வருடமாகத் தொண்டை கிழியச் சொன்ன பேச்சு அவள் முகத்திலேயே வந்து அறைந்தது. ஒரு பீஸை இன்னொரு பீஸோடு வைத்துப் பார்த்தாயே, பாவி! இரண்டும் ஒரே மாதிரி தப்பாக இருக்கும் என்று தெரியாதா உனக்கு?

"என்னடி, முகம் ஏன் இப்படிப் போச்சு?" என்று தோழி பதறினாள்.

"உன் பையனை அஞ்சு நிமிஷம் குடு."

கைப்பையைக் கொட்டினாள். தொழிற்சாலை ஸ்டிக்கர் தாள்கள் கீழே விழுந்தன. ஒவ்வொரு ஸ்டிக்கரும் பத்து மில்லிமீட்டர் வட்டம், அது அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். பச்சையை எடுத்துப் பையன் நெற்றியில், இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஒட்டினாள். மகள் நெற்றியில் ஒட்டுவதற்கும் பச்சைதான் கையில் வந்தது. அதை வைத்துவிட்டு மஞ்சளை உரித்தாள். ஜன்னலைப் பாதி சாத்தி, வெளிச்சத்தைக் குறைத்து, குழந்தைகள் கண் திறக்கும்வரை காத்திருந்து இரண்டு பேரையும் படமெடுத்தாள். படத்தைப் பெரிதாக்கி, ஸ்டிக்கரின் வட்டத்தோடு கருவிழியை ஒப்பிட்டு ஒரு தாளில் கணக்குப் போட்டாள். பையனுக்குப் பத்து. மகளுக்குப் பன்னிரண்டுக்கு மேல்.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் கண் மருத்துவமனை வாசலில் நின்றாள். கணவன் பாதி நாள் கூலியை விட்டுவிட்டு வந்தான். நாத்தனார் கறுப்புக் குடையைக் குழந்தைக்குப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்கிற பிள்ளைக்கு வியாதி தேடிக்கிட்டுப் போறா" என்று வழி நெடுகப் புலம்பிக்கொண்டே வந்தாள்.

குழந்தைகளின் கண்ணுக்கென்று இருந்த அந்த டாக்டரம்மா குட்டையான பெண்மணி. வார்த்தையை அளந்துதான் செலவழிப்பாள். படத்தையும் கணக்கெழுதிய தாளையும் பார்த்தாள். மஞ்சள் ஸ்டிக்கரைப் பார்த்தாள்.

"யார் அளந்தது?"

"நான்தான்ம்மா."

"பன்னிரண்டுன்னு எழுதியிருக்கீங்க."

"பன்னிரண்டுக்கு மேல. சரியா சொல்ல முடியல. நெத்தியும் கண்ணும் ஒரே மட்டத்துல இல்ல."

டாக்டரம்மா முதல்முறையாக அவளை நிமிர்ந்து நன்றாகப் பார்த்தாள். மயக்கம் கொடுத்துச் சோதனை செய்தால்தான் திட்டமாகத் தெரியும் என்றாள். அன்றைக்கே அதைச் செய்தார்கள். கருவிழி இரண்டும் பன்னிரண்டரை மில்லிமீட்டர். அந்த வயதில் பத்து, மிஞ்சிப்போனால் பத்தரைதான் இருக்கவேண்டும். கண்ணுக்குள் அழுத்தம் முப்பது, அதில் பாதிக்குள்தான் இருக்கவேண்டும்.

"பிறவி கிளாக்கோமா" என்றாள் டாக்டரம்மா. ஒரு தாளை எடுத்துக் கண்ணின் படம் போட்டாள். "கண்ணுக்குள்ள எந்நேரமும் ஒரு நீர் சுரந்துக்கிட்டே இருக்கும். அது வெளியே போக ஓரத்துல ஒரு சின்ன வாய்க்கால் உண்டு. உங்க குழந்தைக்கு அந்த வாய்க்காலோட வாய் பிறவியிலேயே திறக்கல. நீர் தேங்குது, அழுத்தம் ஏறுது. பெரியவங்க கண்ணு இறுகினது, விரியாது. குழந்தை கண்ணு இளசு, பலூன் மாதிரி ஊதிக்கிட்டே போகும். எல்லாரும் கண்ணு அழகுன்னு சொல்லியிருப்பாங்களே?"

நாத்தனார் தரையைப் பார்த்தாள்.

"சொட்டு மருந்துல குணமாகாதாம்மா?" என்று கணவன் கேட்டான்.

"மருந்து நாலு நாள் தள்ளிப்போட உதவும். ஆபரேஷன்தான் வழி. வெளியிலிருந்து அந்த வாய்க்காலைத் தேடிப் பிடிச்சு, தலைமுடி மாதிரி ஒரு கம்பியை உள்ளே விட்டு, சுவரைக் கிழிச்சுத் திறந்துவிடணும். தாமதிச்சா பார்வை நரம்பு சாகும். செத்த நரம்பு திரும்பி வராது."

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் குமுறித் தீர்த்தாள். "ரெண்டு மாசம்கூட ஆகாத பச்சை மண்ணுடா! இதுக்கு மயக்க மருந்தா? கத்தியா? ஒரு வயசாவது ஆகட்டும், கொஞ்சம் ரத்தம் ஊறட்டும். தம்பி, நீயாவது சொல்லேன்!"

கணவனுக்கும் பயம்தான்.

"அண்ணி," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "பன்னிரண்டு நாளை நான் தின்னுட்டேன். ரெண்டு கண்ணும் சமமா இருக்குன்னு சொல்லி, நானே தின்னுட்டேன். இன்னும் ஒரு நாள்கூட யாருக்கும் குடுக்க மாட்டேன். வேணும்னா என்னைத் திட்டுங்க. ஆபரேஷன் வியாழக்கிழமை."

நாத்தனார் எழுந்துபோய்க் குழந்தையின் துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். அந்த வீட்டில் அது அபூர்வமான காட்சி.

வியாழக்கிழமை விடியற்காலை ஐந்து மணியிலிருந்து தாய்ப்பால் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு. குழந்தைக்கு உத்தரவா தெரியும்? முதல் ஒரு மணி நேரம் தூங்கியது, அடுத்த ஒரு மணி நேரம் சிணுங்கியது, அதற்குப் பிறகு மருத்துவமனையே அதிரக் கத்தியது. அவளுக்கு மார்பு கனத்து ரவிக்கை நனைந்தது. குழந்தை முகத்தை அங்கேயே கொண்டுவந்து முட்டியது. அப்படியே உட்கார்ந்து தானும் அழுதாள். அப்போது நாத்தனார் வந்து ஒரு வார்த்தை பேசாமல் குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, வராந்தாவில் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் நடந்தாள். ஒன்றரை மணி நேரம் நடந்தாள். முழங்கால் வலிக்காரி அவள்.

ஒன்பது மணிக்கு நர்ஸ் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். டாக்டரம்மா பச்சை அங்கியில் வாசல்வரை வந்தாள்.

"ரெண்டு கண்ணையும் ஒரே மயக்கத்துல முடிச்சுடறோம். ஆனா ரெண்டும் வேற வேற ஆபரேஷன். ஒரு கண்ணு முடிஞ்சதும் கையுறை, கருவி, துணி எல்லாத்தையும் மாத்திட்டுத்தான் அடுத்தது. ஒண்ணுல பட்டது இன்னொண்ணுல படாது."

அந்த நிமிடத்தில்தான் மில்லிமீட்டருக்கு உயிர் வந்தது. இவள் நம்ம ஆள், என்று நினைத்துக்கொண்டாள்.

கதவு மூடியது. கணவன் பெஞ்சில் உட்கார்ந்து கட்டைவிரல் நகத்தில் ஒட்டியிருந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தான். பெயிண்ட் போய், நகமும் போய்விடும்போல் இருந்தது. முதல் ஒரு மணி நேரத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்து, "இடது கண்ணு நல்லபடியா முடிஞ்சுது" என்றாள். வலது கண்ணுக்கும் ஒரு மணி நேரம்தான் என்று கணக்கு. ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்றேகால் ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. நர்ஸ் வரவில்லை. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதையாவது எண்ண வேண்டும் என்று தரையின் ஓடுகளை எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு அகலவாட்டில் எண்ணினாள். நாத்தனார் அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனபோது கதவு திறந்து டாக்டரம்மாவே வெளியே வந்தாள். முகமூடியின் தடம் கன்னத்தில் பதிந்திருந்தது.

"வலது கண்ணுல வாய்க்காலையே காணோம். ரெண்டு இடத்துல தேடினேன், இல்ல. மூணாவது இடத்துல இருந்துச்சு" என்றாள். அந்த அளந்து பேசுகிற வாய் தன்னையறியாமல் சிரித்தது. "கம்பி உள்ளே வழுக்கிக்கிட்டுப் போச்சு பாருங்க, வெண்ணெய்ல போற மாதிரி! ரெண்டும் திறந்தாச்சும்மா. போய்ப் பால் குடுங்க."

குழந்தை இரண்டு கண்ணிலும் துளைபோட்ட மூடிகளை ஒட்டிக்கொண்டு, குடித்த குடியில் தாய்க்கே மூச்சு முட்டியது.

ஆனால் ஆபரேஷன் நன்றாக நடந்தது என்பது வேறு, கண் பிழைத்தது என்பது வேறு. நீர் வடிகிறதா, அழுத்தம் இறங்கியதா, கண் ஊதுவது நின்றதா என்பது ஆறு வாரம் கழித்து அளந்தால்தான் தெரியும். அந்த ஆறு வாரமும் அவள் நாளைக்கு நான்கு வேளை சொட்டு மருந்து விட்டாள். மூன்றாம் வாரத்தில் கண்ணின் மங்கல் கலைவதுபோல் தெரிந்தது. நான்காம் வாரத்தில் நீர் வடிவது குறைந்தது. கணவன் துள்ளினான்.

"ஜன்னல் பெயிண்டைச் சுரண்டிடட்டுமா?"

"வேண்டாம்."

"ஏன்? நல்லாத்தானே தெரியுது?"

"நல்லாத் தெரியுதுன்னு நான் ஒரு தடவை சொன்னது போதும். அவங்க அளந்து சொல்லட்டும்."

சோதனை நாளன்று மறுபடி பட்டினி, மறுபடி மயக்கம், மறுபடி அந்த பெஞ்ச். இருபது நிமிடத்தில் டாக்டரம்மா அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். மேஜைமேல் ஒரு சின்ன காலிபர் இருந்தது. தான் தினமும் பிடிக்கிற வெர்னியரின் பேத்திபோல் இருந்த அதையே அவள் பார்த்தாள்.

"ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்கு" என்று ஆரம்பித்தாள் டாக்டரம்மா.

"அது வேண்டாம்மா!" அவள் கத்தியேவிட்டாள். "ஒண்ணோட ஒண்ணு வேண்டாம். சரியா இருக்கவேண்டிய அளவோட வச்சுச் சொல்லுங்க."

டாக்டரம்மா தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினாள்.

"அழுத்தம் பதினஞ்சுக்குள்ள இருக்கணும். வலது பதிமூணு, இடது பன்னிரண்டு. கருவிழி அப்பவும் பன்னிரண்டரை, இப்பவும் பன்னிரண்டரை. ஒரு தடவை விரிஞ்சது சுருங்காது, ஆனா நின்னுடுச்சு. இனி வயசு ஏற ஏற மத்த குழந்தைங்க கண்ணு வளர்ந்து இவ கண்ணுகிட்ட வந்துடும்."

"நரம்பு? நான் விட்ட அந்தப் பன்னிரண்டு நாளு?"

"நரம்புல குழி விழுந்திருந்தது. இப்போ குறைஞ்சிருக்கு. குழந்தைங்களுக்கு மட்டும் அந்தச் சலுகை உண்டு, சீக்கிரம் அழுத்தம் இறங்கினா." டாக்டரம்மா அவளையே பார்த்தாள். "பன்னிரண்டு நாளையே சொல்லிக்கிட்டிருக்கீங்க. என்கிட்ட எட்டு மாசம், ஒரு வருஷம் கழிச்சுத் தூக்கிட்டு வர்றவங்கதான் அதிகம். இந்தக் கண்ணைக் காப்பாத்தினதுல பாதி அந்த மஞ்சள் ஸ்டிக்கர்தான். கண்ணாடி போடவேண்டி வரலாம், வருஷா வருஷம் காட்டணும், அதை மட்டும் விட்டுடாதீங்க. ஆனா இவ பார்ப்பா. நல்லாவே பார்ப்பா."

அவள் கைப்பையைத் திறந்தாள். ஸ்டிக்கர் தாளைத் தேடி எடுத்தாள். பச்சை வட்டம் ஒன்றை உரித்து, கேட்காமல் கொள்ளாமல், டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டுக் கையில் ஒட்டிவிட்டாள்.

"இது என்னம்மா?"

"பாஸ்" என்று சொல்லிவிட்டு மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். டாக்டரம்மா அதை எடுக்கவில்லை. அன்று மாலைவரை அந்தப் பச்சைப் பொட்டோடுதான் வார்டில் சுற்றினாளாம், பிறகு நர்ஸ் சொன்னாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கணவன் ஸ்டூல் போட்டு ஏறி, ஜன்னல் கண்ணாடியில் பெயிண்டைக் கரைக்கும் தின்னரைத் தடவித் தகட்டால் வழிக்க ஆரம்பித்தான். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவள் கட்டிலில் உட்கார்ந்தாள், தின்னர் நெடிக்குப் பயந்து கதவோரமாக. கருநீலம் சுருள் சுருளாக விழுந்தது. முதலில் உள்ளங்கை அளவு வெளிச்சம் உள்ளே வந்தது. பிறகு தட்டு அளவு. உடனே நாத்தனார் அறைக்குள்ளேயே கறுப்புக் குடையை விரித்துக் குழந்தையின் தலைக்குமேல் பிடித்தாள்.

"அண்ணி, மடக்குங்க."

"கூசும்டி பிள்ளைக்கு!"

"மடக்குங்க அண்ணி."

நாத்தனார் மனசே இல்லாமல் குடையை மடக்கினாள். வெளிச்சம் குழந்தையின் முகத்தில் முழுசாக விழுந்தது. புருவம் சுருங்கியது. உதடு பிதுங்கியது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த அழுகைக்குக் காத்திருந்தார்கள்.

அழவில்லை. இரண்டு தடவை கண்ணைக் கொட்டினாள். திறந்தாள். அந்தப் பெரிய கண் இரண்டும் கழுவிவைத்ததுபோல் கறுத்துப் பளபளத்தன. வெளிச்சத்தைப் பார்த்தாள். பிறகு ஸ்டூலிலிருந்து இறங்கி வந்து குனிந்த அப்பனின் காதில் ஒட்டியிருந்த கருநீலச் சொட்டைப் பார்த்தாள். அவன் தலையை இடப்பக்கம் நகர்த்தினான். கண் கூடவே போனது. வலப்பக்கம் நகர்த்தினான். கண் கூடவே வந்தது. இன்னொரு தடவை நகர்த்தினான். கன்னம் வழிய நீர் கொட்டியது அவனுக்குத்தான்.

"இனிமே ஆந்தைன்னு கூப்பிட முடியாதே" என்றான்.

நாத்தனார் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "நான்தான் பிறந்த அன்னைக்கே சொன்னேனே, இது எங்க வீட்டுக் கண்ணுன்னு!"

மில்லிமீட்டர் அந்தப் பட்டாணிக் கண்களை ஒருமுறை பார்த்தாள், மகளுடைய கண்ணை ஒருமுறை பார்த்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக, அளவு சரியில்லாத ஒரு பேச்சுக்குப் பச்சை கொடுத்தாள்.

"ஆமா அண்ணி" என்றாள். "உங்க கண்ணேதான்."